முப்பத்தேழு பேரும் ஒரு யானைப் பாகனும்

ஊதுகல் மலையடிவாரத்து மடத்தில் அமாவாசைக்கு அமாவாசை ஒரு கஷ்டம் உண்டு. அன்றைக்கு மடத்தின் தலைவிதான் சமைக்க வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியவில்லை. ஏற்படுத்தியவர் அபிராமவல்லி அம்மை வைக்கும் ரசத்தைக் குடித்திருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம். அதைக் குடித்த ஒருவருக்கு முற்பிறவி முழுவதும் ஞாபகம் வந்து, அந்தப் பிறவியின் பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு வடக்கே போய்விட்டார் என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அம்மைக்கு முப்பத்தைந்து வயது. மடத்திலேயே இளையவர் அவர்தான். முன்பிருந்த தலைவர் கண்ணை மூடும் நேரத்தில், "இவள் ஒருத்திதான் என்னோடு சண்டை போட்டாள். இவளே இருக்கட்டும்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைய அமாவாசைக்கு விறகு ஈரம். முந்தின நாள் பெய்தது அப்படிப்பட்ட மழை. குளத்துக் கெண்டைகள் மழைத்தாரையைப் பிடித்துக்கொண்டு பாதி மலை வரைக்கும் நீந்தி ஏறிவிட்டன. அம்மை ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நெருப்பைத் தவிர மற்றதெல்லாம் வந்தது.

புகைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தாயே, வந்துவிட்டேன்."

"யார் அது?"

"வேடியப்பன்."

"வந்தால் உள்ளே வாரும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர். புகை போவதே அந்த ஒரு வழியாகத்தான்."

வேடியப்பருக்கு ஐம்பத்துநான்கு வயது. முப்பது வருஷம் யானைப் பாகனாக இருந்தவர். அவருடைய யானை பவழக்கொடி செத்துப்போனதும் நாற்பத்தைந்து வயதில் மடத்துக்கு வந்து, அம்மையிடம் எழுத்து கற்றார், எண் கற்றார், எட்டு வருஷம் இருந்து மற்றதையும் கற்றார். படித்து முடித்தவர் ஏதாவது ஓர் ஊரில் ஒரு வருஷம் வாத்தியாராக இருந்தாக வேண்டும் என்பது மடத்துச் சட்டம். அவரைக் குட்டப்பாறைக்கு அனுப்பியிருந்தார் அம்மை. கல் உடைக்கிறவர்களின் ஊர். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் என்பதைக் கண்ணால் பார்த்திராத ஊர்.

முடியவில்லை என்று தோன்றுகிற வாத்தியார், அமாவாசையன்று மடத்தில் இலை போடுவதற்கு முன்னால் தலைவியிடம் வந்து விடுதலை கேட்கலாம். இலை விழுந்துவிட்டால் பிறகு அடுத்த அமாவாசைதான்.

"இலை போட்டாயிற்றா?" என்று கேட்டார் வேடியப்பர்.

"அடுப்பே பற்றவில்லை. இலை போட்டுப் புகையையா பரிமாறுவது?"

"நல்லதாய்ப் போயிற்று. எனக்கு விடுதலை வேண்டும்."

அம்மை ஊதிக்கொண்டே இருந்தார்.

"காதில் விழுந்ததா, தாயே?"

"விழுந்தது. காரணம்?"

"முப்பத்தேழு காரணம். முதல் காரணத்தின் பெயர் தொட்டப்பன்."

"வயது?"

"எட்டு."

அம்மை ஒரு விறகை உருவிப் பார்த்துவிட்டு வேறொன்றைச் செருகினார். "சொல்லும்."

வேடியப்பர் துண்டை விரித்து உட்கார்ந்தார். போன அமாவாசைக்குக் கொஞ்சம் கசிந்தது போக, எட்டு மாதம் அடைத்துவைத்திருந்த மடை அது. திறந்துகொண்டது.

"பவழக்கொடி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு கல்யாணக் கூட்டம் மழைக்கு அவள் வயிற்றுக்கு அடியில் ஒதுங்கி, அங்கேயே தாலி கட்டி, சாப்பாடு போட்டு முடித்தார்கள். நான் மெதுவாக 'உட்கார்' என்பேன். உட்காருவாள். தொட்டப்பன் என் இடுப்பு உயரம்கூட இல்லை. அவனை உட்கார் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது."

"இன்னும் உட்காரவில்லையா?"

"ஒரு நாள் உட்கார்ந்தான். அன்றைக்குக் காலில் முள் குத்தியிருந்தது."

"ம்."

"ஒருவன் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். சரி, பாவம், போய்வா என்பேன். உடனே முப்பத்தேழு விரல். முப்பத்தேழு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி முட்டும், தாயே? போகிறவர்கள் போகிற இடத்தில் ஓணானைப் பார்த்துவிடுவார்கள். அப்புறம் ஓணானை நான் பிடித்துக் கொடுத்தால்தான் வகுப்பு."

"பிடித்தீரா?"

"இதுவரைக்கும் பதினாலு."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. புகையும் வந்ததால் இருமலாக முடிந்தது.

"பாடம் நடத்திவிட்டு, 'புரிந்ததா?' என்று கேட்கிறேன். 'புரிந்தது ஐயா!' என்று அத்தனை பேரும் கூரை அதிரக் கத்துகிறார்கள். விட்டத்தில் இருக்கிற புறாக்கள் பறந்து போகின்றன. எனக்கு மனசு நிறைந்துபோகும். 'என்ன புரிந்தது, சொல்' என்று ஒருவனைக் கேட்பேன். அவன் புறா போன திசையைப் பார்ப்பான்."

"சத்தம் போட்டுப் பார்த்தீரா?"

"போட்டேனே! ஒரு நாள் பொறுக்க முடியாமல், 'சும்மா இருங்கள்!' என்று பாகன் குரலில் ஒரு சத்தம் போட்டேன். அடுத்த ஊரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் அந்தக் கணமே வாயை மூடினார்களாம். இன்னும் திறக்கவில்லையாம். அந்த வீட்டுக்காரன் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். என் வகுப்பில் மட்டும் ஒரு வாய் மூடவில்லை."

"நம் ஆபத்சகாயத்திடம் யோசனை கேட்டிருக்கலாமே. இருபது வருஷமாக வாத்தியாராக இருக்கிறவர்."

"அவரைப் பற்றிப் பேசாதீர்கள்." வேடியப்பரின் மீசை துடித்தது. "கேட்டேன். 'முதல் ஆறு மாதம் பிள்ளைகள் முன்னால் சிரித்துவிடாதே, ஏறி மிதித்துவிடுவார்கள்' என்றார். நானும் சிரிக்கவில்லை. ஆறு மாதம், தாயே. தூக்கத்தில்கூடச் சிரிக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு பிள்ளையின் தாய் ஒரு கிண்ணத்தில் எண்ணெயோடு வந்து நிற்கிறாள். 'வாத்தியாருக்கு வாய் இழுத்துக்கொண்டது என்று பிள்ளை வந்து சொல்லி அழுதது. இதைக் காய்ச்சித் தடவுங்கள், சரியாகிவிடும்' என்கிறாள்."

"தடவினீரா?"

"தடவினேன். என்ன செய்வது? நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே!"

அடுப்பில் ஒரு சின்னச் சுடர் எழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அது இவர்களைப் பார்த்துவிட்டு அணைந்துவிட்டது.

அம்மை ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"நீர் இங்கே வந்துவிட்டால் அங்கே யார்?"

"யாருமில்லை."

"பள்ளிக்கூடம்?"

"அது முன்னால் ஆட்டுப்பட்டியாக இருந்த இடம். ஆடுகள் இன்னும் மறக்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது வாசலில் வந்து வரிசையாக நின்று, 'முடிந்ததா, இல்லையா?' என்பதுபோல் என்னைப் பார்க்கின்றன. நான் வந்த மறுநாள் உள்ளே போய்விடும்."

"பிள்ளைகள்?"

வேடியப்பர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கல்லுக்குப் போவார்கள். அப்பன்மார் சுத்தியல் செய்துவைத்திருக்கிறார்கள். பிடி சின்னதாக."

"தெரிந்துதான் விடுதலை கேட்கிறீர்."

"தெரிந்துதான் கேட்கிறேன். நான் இருந்தால் மட்டும் என்ன ஆகிறது? ஒன்றும் ஏறவில்லை. கற்றுக் கொடுக்கத் தெரியாத ஒருவன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்ச் சோற்றைத் தின்பது திருட்டு. நாளைக்கு வேறு யாராவது வருவார்கள். தெரிந்தவர்களாக."

"யார் வருவார்கள்?"

"உங்களைப்போல யாராவது. நீங்கள் பிறவி வாத்தியார். நான் அப்படியா? அந்தப் பானை ஒன்று போதாதா?"

"எந்தப் பானை?"

"விளையாடாதீர்கள், தாயே."

"சத்தியமாகத் தெரியவில்லை. எந்தப் பானை?"

வேடியப்பர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயிலைப் பற்றிப் பேசுகிறவரின் குரல் வந்துவிட்டது.

"நான் இங்கே வந்த முதல் வருஷம். நீங்களும் அப்போதுதான் வகுப்பெடுக்க ஆரம்பித்திருந்தீர்கள். நாங்கள் பதினாறு பேர். ஒரு நாள் பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினீர்கள். தண்ணீர்ப் பானையைத் தூக்கினீர்கள். நடுக்கூடத்தில் போட்டு உடைத்தீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்துவிட்டீர்கள். மூன்று நாள் வரவில்லை."

"ஓ. அந்தப் பானை."

"அந்த மூன்று நாளும் நான் கண்ணை மூடவில்லை. பானைக்குள் ஒரு வெற்றிடம் இருந்ததே, அது எங்கே போயிற்று? பானை உடைந்ததால் அது செத்துப்போயிற்றா? இல்லை, எப்போதும் வெளியில் இருப்பதுதான் கொஞ்ச காலம் உள்ளேயும் இருந்ததா? உருட்டி உருட்டி யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் ஏதோ திறந்துகொண்டது. பவழக்கொடி போனதிலிருந்து நெஞ்சில் ஒரு பாறை கிடந்தது, தாயே. யாரிடமும் நான் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அது இறங்கிற்று."

அம்மை ஈர விறகு ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

"வார்த்தையே இல்லாமல் ஒரு மனுஷனுக்கு அதைக் கொடுத்தீர்களே! அதுவும் முதல் வருஷத்தில். நானும் குட்டப்பாறையில் உடைத்துப் பார்த்தேன்."

"எதை?"

"பானையைத்தான். மூன்று."

அம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாகவும் இருக்கலாம்.

"என்ன ஆயிற்று?"

"முதல் பானையை உடைத்தேன். 'ஐயா, கை வழுக்கிடுச்சா?' என்றான் தொட்டப்பன். இரண்டாவதை உடைத்தேன். குயவர் மகள் ஓவென்று அழுதாள், அவள் அப்பன் செய்த பானையாம். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. மூன்றாவதைத் தூக்கும்போதே ஒருவன் துடைப்பத்தோடும் ஒருத்தி முறத்தோடும் வந்து தயாராக நின்றுவிட்டார்கள்."

"நான் போனதுபோல் வெளியே நடந்திருக்க வேண்டியதுதானே?"

"நடந்தேன். முப்பத்தேழு பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். விடுமுறை என்று நினைத்து."

அம்மையால் அதற்கு மேல் முடியவில்லை. தரையில் கையூன்றிக்கொண்டு சிரித்தார். வேடியப்பர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ப் பெரியவர் வந்தார், தாயே. 'என்னடா படித்தாய்?' என்று ஒரு பையனைக் கேட்டார். 'எங்க ஐயா பானை உடைப்பாரு' என்றான். நீங்கள் சிரிக்கிறீர்கள்."

"சரி, சிரிக்கவில்லை." அம்மை மூச்சை இழுத்துவிட்டார். "ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீர் எங்கே உட்கார்ந்திருந்தீர்?"

"முதல் வரிசையில். உங்களுக்கு நேர் எதிரே."

"என்ன செய்துகொண்டிருந்தீர்?"

"கேட்டுக்கொண்டிருந்தேன்."

"குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்."

வேடியப்பரின் குறட்டை சாதாரணக் குறட்டையல்ல. முப்பது வருஷம் யானைக் கொட்டிலில் படுத்து வளர்ந்தது. அவர் மடத்தில் தங்கிய முதல் மாதத்தில் மட்டும் தெற்குத் தாழ்வாரத்து ஓடுகள் தாமாகவே மூன்று விரற்கடை கீழே நகர்ந்துவிட்டன.

"அன்றைக்கு ஒரே விஷயத்தைப் பதினொரு தடவை சொன்னேன், வேடியப்பரே. பத்துத் தடவையும் பதினாறு பேரும் பதுமை மாதிரி பார்த்தீர்கள். பதினொன்றாம் தடவை ஒருத்தர் முகத்தில் ஏதோ வெளிச்சம் வருவதுபோல் இருந்தது. நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்து நீர் குறட்டை விட்டீர். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் பானை இருந்தது."

வேடியப்பர் காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"உள்ளர்த்தம்?"

"உம்முடைய தலையில் போடக் கூடாது என்று தரையில் போட்டேன். அதுதான் உள்ளர்த்தம்."

வேடியப்பரின் வாய் திறந்தது.

"அந்த மூன்று நாள்... தனிமையில் இருந்தீர்களே..."

"எங்கம்மா வீட்டில் இருந்தேன். கஞ்சி குடித்துவிட்டு அழுதேன். அழுதுவிட்டுக் கஞ்சி குடித்தேன். இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்."

"திரும்பி வந்தீர்களே?"

"மாற்றுப் புடவை இங்கே கொடியில் கிடந்தது. நல்ல புடவை. எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன். வாசலிலேயே நீர் தடாலென்று காலில் விழுந்தீர். 'விளங்கிவிட்டது தாயே' என்றீர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நடத்தியதில் ஒருவருக்கு ஏதோ விளங்கியிருக்கிறது. அது எப்படி நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் போகலாம் என்று இருந்துவிட்டேன்."

"கண்டுபிடித்தீர்களா?"

"ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் இல்லை."

வேடியப்பர் எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அப்படியானால் எனக்குக் கற்றுக் கொடுத்தது யார்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

"ஒன்பது வருஷம், தாயே! ஒன்பது வருஷமாக ஒரு பெண்பிள்ளையின் ஆத்திரத்தை நான் பூஜை செய்துகொண்டிருந்திருக்கிறேன்! மூன்று பானை வேறு!"

"சத்தம் போடாதீர். ஓடு நகரும்."

வேடியப்பர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சட்டென்று அம்மைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அடிக்குரலில் எண்ணத் தொடங்கினார்.

"ஒன்று. இரண்டு. மூன்று."

அம்மை கொஞ்ச நேரம் அந்த அகலமான முதுகைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டும்போது விறகு ஒரு பக்கம் பிடித்தது. ஐம்பதில் அணைந்துவிட்டது. அம்மையும் ஏதோ முணுமுணுத்தார். அது எண்ணிக்கை இல்லை.

"தொண்ணூற்றொன்பது. நூறு."

வேடியப்பர் திரும்பி உட்கார்ந்தார். முகம் பழையபடி இருந்தது.

"மன்னிக்க வேண்டும்."

"என்ன இது?"

"பாகன் வழக்கம். கோபம் வந்தவன் யானைக்கு முகத்தைக் காட்டி நிற்கக் கூடாது. அவனுக்குக் கோபம் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் யானைக்குத் தெரிந்துவிடும். முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வாய்விட்டு நூறு எண்ண வேண்டும். என்னோடு தொழிலுக்கு வந்தவர்களில் எண்ணியவர்கள்தான் உயிரோடு இருக்கிறார்கள்."

"பள்ளிக்கூடத்திலும் எண்ணுவீரோ?"

"முதல் நாளிலிருந்தே. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவையாவது." வேடியப்பர் தலையைக் குனிந்துகொண்டார். "உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. விடுதலை கேட்க வந்ததே இதனால்தான். ஓணானைப் பொறுத்துக்கொள்வேன். எண்ணெய்க் கிண்ணத்தைப் பொறுத்துக்கொள்வேன். இது முடியாது."

"எது?"

"கேலி. இருபது நாள் இருக்கும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் தேன்கூட்டில் கல் விழுந்ததுபோல் ஓர் இரைச்சல். திரும்பிப் பார்க்கிறேன். முப்பத்தேழு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு, எண்ணுகிறார்கள். என்னைப்போலவே அடிக்குரலில். தொட்டப்பன் என்னைப்போலவே நடுவில் பிடரியைச் சொறிகிறான். அன்றிலிருந்து இதே கதைதான். நான் திரும்ப வேண்டியதுதான் தாமதம், அத்தனையும் திரும்பிவிடும்."

"தொட்டப்பனும் உட்கார்ந்தா?"

வேடியப்பரின் கை பிடரிக்குப் போயிற்று.

"உட்கார்ந்துதான்."

"எதுவரைக்கும் எண்ணுகிறார்கள்?"

"நான் எதுவரைக்கும் எண்ணுகிறேனோ அதுவரைக்கும். நூறு."

"போன அமாவாசைக்கு வந்தபோது, இருபதுக்கு மேல் ஓர் எண்கூட ஏறமாட்டேன் என்கிறது என்று இதே இடத்தில் உட்கார்ந்து அழுதீர்."

புகை மெல்லக் கூரையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"அது..." என்றார் வேடியப்பர். "அது நான் கற்றுக் கொடுத்ததில்லையே, தாயே. நான் கோபத்தில் எண்ணியது."

"பக்கத்தில் பானை இல்லைபோலிருக்கிறது."

வேடியப்பர் துண்டின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

"அத்தனை பேருமா நூறு வரைக்கும் போகிறார்கள்?" என்று கேட்டார் அம்மை. "யாரும் நடுவில் நிற்பதில்லையா?"

"ஒருத்தி நிற்பாள். மாதி என்று பெயர். கடைசி வரிசை. வாயே திறக்காத பெண். முதலில் முப்பத்தொன்பதில் நின்றாள். அப்புறம் ஐம்பத்தொன்பது. இந்த வாரம் அறுபத்தொன்பதில் நிற்கிறாள். மற்றதெல்லாம் ஓடிவிடும். அவள் மட்டும் 'அறுபத்தொம்போது, அறுபத்தொம்போது' என்று அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பாள்."

"அப்போது நீர் என்ன செய்வீர்?"

"எழுபது என்பேன்."

"கோபத்தோடா?"

"கோபத்தோடுதான். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் உரக்க எழுபது என்பேன். பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள்."

அம்மை ஊதுகுழலை எடுத்தார். ஊதவில்லை.

"நாளைக் காலையில் யார் சொல்வது?"

வேடியப்பர் அடுப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய்க் குனிந்து செருப்பைத் தேடினார். குட்டப்பாறை அங்கிருந்து நீண்ட நடை. உடனே கிளம்பினால்தான் விடியும்போது போய்ச் சேரலாம்.

ஒரு செருப்பு கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்போல் வாசலிலிருந்தே கேட்டார்.

"அவள் கெட்டிக்காரப் பெண், தாயே. இன்னும் இரண்டு நாளில் எழுபதைத் தானே சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் நான் எதற்கு?"

"எழுபத்தொன்பதில் நிற்பாள்" என்றார் அம்மை.